இல்லாத காற்றுக்கு முதல் பெயர்

ஜனவரி 9

நாத்தனாரே,

போன் செய்தால் "அண்ணி, ஒரு நிமிஷம்" என்று வைத்துவிட்டு ஒரு வாரம் காணாமல் போகிறாய். அதனால் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது, பார்.

பேப்பரில் உங்கள் சங்கதி பாதிப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவர் கோட்டு மாட்டிக்கொண்டு, தொலைநோக்கிமேல் ஒரு கையை வைத்து, தானே பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி அதோடு நிற்கிறார். 'இரும்பு ஆவியாகும் கோளில் அசுரக் காற்று' என்று தலைப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள் நான். இருந்தாலும் கண்ணாடி போட்டு, விரல் வைத்து, ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கோட்டுக்காரர் பெயர் பத்திக்குப் பத்தி வருகிறது. உன் பெயர் இல்லை. ஒருவேளை பின்பக்கம் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தேன். மெத்தை விளம்பரம்.

நீ சாப்பாட்டை ஆறப்போட்டதும், கல்யாணம் காட்சிக்கு வராததும், கண்ணுக்குக் கீழே கருவளையம் வாங்கியதும் அந்தக் காற்றுக்காகத்தானே? உன் அண்ணனிடம் காட்டினேன். "பேப்பர்காரன் விட்டிருப்பான், விடு"ன்னார். அவர் விட்டுவிட்டார். எனக்கு விட வரவில்லை. கோட்டுக்காரருக்கே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். மரியாதையாகத்தான் எழுதினேன்:

"ஐயா, நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவள். இவ்வளவு தூரமும் வண்டி ஓட்டியது எங்கள் வீட்டுப் பெண். இறங்கி நின்று கை ஆட்டுவது நீங்கள். கை வலிக்காதா?"

கோபப்படுவாய். படு. உடம்புக்கு நல்லது.

அண்ணி


ஜனவரி 17

அண்ணி,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவருக்கு எழுதியதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லோரும் டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது, அதைச் சத்தமாக வாசித்தார். வரிக்கு வரி நிறுத்தினார். 'கை வலிக்காதா' வந்தபோது அறையே சிரித்தது. பிறகு மடித்து என் முன்னால் வைத்து, "உங்க வீட்ல நல்லா எழுதுறாங்கம்மா. உனக்குப் பதிலா அவங்களை வேலைக்கு எடுத்திருக்கலாம்" என்றார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரிக்க வைத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயர் இருக்கிறது. நாலாவதாக. வேலை செய்தவர் பெயர் முதலில் வருவது எங்கள் துறையில் வழக்கம். வழக்கம்தான், சட்டம் இல்லை. ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். இந்த நிலையில் என் அண்ணி அவருக்குக் கை வலிக்கிறதா என்று விசாரிக்கிறார்!

நான் என்ன செய்கிறேன் என்பதைப் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், நானே சொல்கிறேன். தொலைதூரத்தில் ஒரு நட்சத்திரம். அதை ஒட்டி உரசாத குறையாக ஒரு ராட்சசக் கோள் சுற்றுகிறது. நம் வியாழனைவிடப் பெரியது. இரண்டு நாளுக்குள் அதற்கு ஒரு வருஷம் முடிந்துவிடும். ஒரு முகம் எப்போதும் நெருப்பைப் பார்த்திருக்கும், மறு முகம் எப்போதும் இருட்டு. வெயில் முகத்தில் இரும்பு ஆவியாகிக் காற்றோடு கலந்து கிடக்கும். அந்தக் கோளைத் தனியாகப் பார்க்க முடியாது. அது நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது, நட்சத்திர வெளிச்சத்தில் துளியூண்டு அதன் காற்றின் விளிம்பு வழியாக வடிந்து வருகிறது. அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாக விரித்தால், இரும்பு இருந்த இடத்தில் மயிரிழை மாதிரி இருட்டுக் கோடுகள் தெரியும். காற்று நம்மை நோக்கி வீசினால் அந்தக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் காற்றின் வேகம் கிடைக்கும். அளந்தது நான்.

இனி அவருக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது. எனக்குப் போனும் செய்யக் கூடாது. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று முடித்துவிடுகிறீர்கள்.


ஜனவரி 26

டாக்டரம்மா,

சரி தாயே, இனி அவருக்கு எழுதவில்லை. பேனாவைக்கூட உன் அண்ணன் எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். இது பென்சில்.

அந்த மனுஷன் வாசித்துக் காட்டினாரே, அதில் எனக்கு ஒரு சந்தோஷம். என் கையெழுத்தைத் தடுமாறாமல் படிக்க முடிந்ததே! பெரிய படிப்புத்தான். ஆனால் உன்னைச் சிரிக்க வைத்தது என் கடிதம் என்று என் தலையில் கட்டாதே. வாசித்தவர் அவர், சிரித்தவர்கள் உன் கூட்டாளிகள். அத்தனை படித்தவர்கள் கூடிய அறையில், "இதில் என்ன சார் தப்பு, உண்மைதானே"ன்னு கேட்க ஒரு நாக்கு இல்லையா? டீயில் வெந்துபோய்விட்டதா?

நீ எழுதிய கோள் கதையை எங்கள் ஸ்கூல் வண்டியில் ஓட்டப் பழக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். சிக்னலில் நிற்கும்போது சொல்ல நன்றாக இருக்கிறது. கோடு நகர்கிறது என்றாயே, அது மட்டும் பிடிபடவில்லை. உன் அண்ணன்தான் சொன்னார், "எதிர்ல வர்ற லாரி ஹாரன் கீச்சுன்னு கேக்குதுல்ல, தாண்டிப் போனதும் கம்மிப்போகுதுல்ல, வெளிச்சத்துக்கும் அந்த மாதிரிதான்"ன்னு. அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து நாலு வருஷம் இருக்கும். உன் காற்றுக்கு அவ்வளவு சக்தி!

ஓட்டப் பழகுகிற ஒரு பாட்டுடீச்சர் கேட்டார், "அந்தக் காத்துல எதிர்த்து வண்டி ஓட்ட முடியுமாக்கா?" "முதல்ல நீங்க இந்தக் கிளட்ச்சை விடுங்க, அப்புறம் அங்க போகலாம்"னேன்.

எங்கள் வீட்டுப் பெண் கண்டுபிடித்த காற்று என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நாலாவதாம், நாலாவது! எனக்கு எண்ணத் தெரியாது போ.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணி,

அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். காற்று இல்லை. இருந்தாலும் நாங்கள் சொன்னதில் கால்வாசிகூட இல்லை.

நட்சத்திரத்தைச் சுற்றுகிற ஓட்டத்தில் கோளுக்கே ஒரு வேகம் இருக்கிறது. கோடுகளின் நகர்வில் அதுவும் சேர்ந்திருக்கும். அதைக் கழித்தால்தான் மிச்சம் காற்று. கழிப்பதற்கு, நட்சத்திரத்தின் நட்ட நடுவைக் கோள் எந்த நிமிஷத்தில் தாண்டுகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். அந்த நேரத்தைத் தலைவர் பல வருஷம் முன்பு தான் எழுதிய கட்டுரையிலிருந்து கொடுத்தார். இன்னொரு குழு சமீபத்தில் புதிதாக அளந்திருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று அப்போதே கேட்டேன். "அவங்க நேரத்தை நாம ஏன் கடன் வாங்கணும்? நம்ம நேரம் இருக்கில்ல" என்றார். அவர்களுக்கும் இவருக்கும் ஆகாது. நான் வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டேன்.

போன வாரம் வேறு வேலைக்காக அந்தக் குழுவின் நேரத்தை வைத்துப் போட்டுப் பார்த்தேன். கோள் எங்கள் கணக்கைவிடச் சில நிமிஷம் பிந்தித்தான் வருகிறது. அந்தச் சில நிமிஷப் பிசகால் கோளின் வேகம் கொஞ்சம் கழிபடாமல் தங்கி, காற்று மாதிரி வேஷம் போட்டிருக்கிறது. இரும்பு நிஜம். அது எங்கும் போகவில்லை. அசுரக் காற்று எங்கள் கடிகாரத்தில்தான் அடித்தது.

அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "விருதுக் கமிட்டி ஏப்ரல்ல கூடுது. அதுவரைக்கும் இதைப் பத்திப் பேச வேணாம். நீ ஜூனைப் பத்தி யோசி" என்றார். குரலை உயர்த்தவே இல்லை, அண்ணி. நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்து, பூப்போல மிரட்டினார்.

யாரிடமும் சொல்லாதீர்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை.


மார்ச் 1

அம்மாடி,

நன்றாகக் கேள். பேசாமல் இரு.

எனக்கு உன் கடிகாரமும் புரியவில்லை, கழித்தலும் புரியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே போய் எவன் காற்றைப் பிடித்துப் பார்க்கப் போகிறான்? அது அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? அங்கே யாராவது துணி காயப்போட்டிருக்கிறார்களா? ஜூன் வரை பல்லைக் கடித்துக்கொள். கையெழுத்து விழட்டும். அப்புறம் ஒரு நாள், "அட, அன்றைக்குக் கொஞ்சம் பிசகிவிட்டது" என்று நைசாகச் சொல்லிக்கொள். கோட்டுக்காரர் விருதை வாங்கி மாட்டிக்கொள்ளட்டும். கோட்டில் இடம் இருக்கிறது, பேப்பரில் பார்த்தேன்.

நான் எதற்கும் பயப்படாதவள்தான். ஆனால் வேலை போய் நீ இங்கே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. நெருப்பென்றால் வாய் சுட்டுவிடாது. நெருப்பு இல்லை என்று சொல்லி ஏன் சுட்டுக்கொள்கிறாய்?

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

அவர் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். அவர் தண்ணீர் கொடுத்தார், நீங்கள் துணி காயப்போட்டுச் சிரிக்க வைத்தீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எவன் போய்ப் பார்க்கப் போகிறான் என்று கேட்டீர்களே. எவனும் போக முடியாது. அதனால்தான் பொய் சொல்லக் கூடாது. போய்ப் பார்க்க முடிகிற இடமாக இருந்தால் யாராவது போய், "அடிச்சு விட்டிருக்கா" என்று திட்டிவிட்டு வந்துவிடுவார்கள். இங்கே நாங்கள் சொல்வதைத் தவிர யாருக்கும் வேறு வழி இல்லை. வேறொரு தேசத்தில் ஒரு மாணவி எங்கள் காற்றை நம்பி, வெயில் முகத்திலிருந்து இருட்டு முகத்துக்கு வெப்பம் எப்படிப் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கணக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறதாம். தன் புத்தியில்தான் கோளாறு என்று நினைத்து எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் எழுதட்டும்? ஜூன் வரை பல்லைக் கடித்துக்கொள் என்றா?

எனக்காகக் கோபப்பட ஒரே ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 2

நாத்தனாரே,

எழுத வேண்டாம் என்றாய். கொஞ்ச நாள் என்றுதானே சொன்னாய். கொஞ்சம் ஆகிவிட்டது.

எங்கள் ஸ்கூலில் புதிதாக ஒரு மாஸ்டர் சேர்ந்திருக்கிறார். ஆள் ஜம்மென்று இருப்பார், தலைக்கு எண்ணெய், சட்டைப்பையில் சீப்பு. போன செவ்வாய் நம் பாட்டுடீச்சரைக் கூட்டிக்கொண்டு போனவர், வழியில் போனை நோண்டியிருக்கிறார். டீச்சரம்மா நேராகப் போய் ஒரு வீட்டுக் கேட்டைச் சாய்த்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் இந்தச் சீப்புக்காரர், "நான் என்னங்க பண்றது, ஸ்டியரிங் அந்தம்மா கையில"ங்கிறார்! அந்தம்மா நடுரோட்டில் நின்று அழுகிறார்கள். உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். "ஏன்யா, உன் காலுக்குக் கீழ இன்னொரு பிரேக் எதுக்கு வெச்சிருக்கு? செருப்பு காயவா? பக்கத்துல உக்காந்தவன்தான்யா பதில் சொல்லணும்!"னு தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அவர் என் காதருகே வந்து, "அக்கா, கொஞ்சம் மெதுவா. டீச்சர் மேலயே இருந்துட்டுப் போகட்டும், நம்ம ஸ்கூல் பேரு கெட்டுடும்"னார்.

வந்ததே எனக்கு ஒரு கோபம்! ஓங்கிய கையை உன் அண்ணன்தான் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, "நீ போன தடவை என் தங்கச்சிக்கு எழுதினதும் இதேதானே?"ன்னு கேட்டார். நடுத்தெருவில்! அந்த மனுஷனுக்குப் பேச வேறு இடம் கிடைக்கவில்லை.

அதனால் இப்போது சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு உண்மையை எழுது. ஊர் உலகத்துக்கே எழுது. வேலை போனால் போகிறது, சுவர் நம் வீட்டுச் சுவர்தான், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், எனக்கு அது வராது. கேட்ட மாதிரி வைத்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

கேட்ட மாதிரி வைத்துக்கொண்டேன்.

அந்த மாணவிக்கு உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எழுதிவிட்டேன். அவள் தன் பேராசிரியரிடம் சொல்ல, அவர் எங்கள் தலைவரிடம் கேட்க, இனி மறைக்க முடியாது என்று ஆகிவிட்டது. விருதுக் கமிட்டியும் கூடிக் கலைந்துவிட்டது. விருது வேறு ஒருவருக்கு. உடனே தலைவருக்கு உண்மைமேல் பாசம் பொங்கிவிட்டது. திருத்தக் குறிப்பு ஒன்றைத் தானே எழுதிக்கொண்டு வந்தார்.

அதில் என் பெயர் எத்தனையாவது தெரியுமா? முதலாவது.

கண்டுபிடித்தபோது நாலாவதாக நின்றவள், தப்பு என்றதும் ஒரே இரவில் முதலிடத்துக்கு ஏறிவிட்டேன்! அவர் பெயர் கடைசியில், கூட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. "கணக்கீட்டின்போது தவறான கடப்பு நேரம் பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி. யார் கொடுத்த நேரம் என்று இல்லை. எந்தக் கட்டுரையிலிருந்து என்றும் இல்லை. படிக்கிறவர்கள் முதல் பெயரைப் பார்ப்பார்கள், கணக்குப் போட்டது யார் என்று புரிந்துகொள்வார்கள்.

"எப்பவும் முதல் பேரு வேணும்னு ஆசைப்பட்ட இல்ல? இந்தா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அண்ணி. இதில் கையெழுத்துப் போட்டால் ஜூன் நீளும். அதையும் சொன்னார்.

பேனா தாளைக் குத்திக் கிழிக்கிறது. அழுகையால் இல்லை.


ஏப்ரல் 25

அம்மாடி,

படித்துவிட்டு வீட்டில் அரை மணி நேரம் பாத்திரம் விளக்கினேன். எல்லாம் ஏற்கெனவே விளக்கிய பாத்திரம். உன் அண்ணன் சமையலறைப் பக்கமே வரவில்லை.

பந்தியில் கடைசி இலை, எச்சில் இலை எடுக்க முதல் ஆளா? மாலைக்கு அவர் கழுத்து, சாணிக்கு உன் மூஞ்சியா? இந்த மாதிரி ஒரு கணக்கை எந்த நட்சத்திரத்தில் படித்தார் அந்த ஆள்? அதற்கு ஒரு சிரிப்பு வேறு! இந்த மனுஷன் வீட்டுப் பூனைகூட இவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரும்.

அவருக்கு எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கை இப்போது எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போடு, போடாதே என்றும் சொல்ல மாட்டேன். போன தடவை நான் சொன்ன லட்சணம் எனக்கே தெரியும். நீ என்ன செய்தாலும் அது சரிதான். அப்படி இல்லை என்று யாராவது சொன்னால் முகவரி மட்டும் அனுப்பு.

அண்ணி


ஜூன் 3

அண்ணி,

நடந்தது இதுதான்.

அவர் எழுதிய குறிப்பில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொன்று எழுதினேன். தவறான நேரம் எந்த வருஷத்து எந்தக் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது, புதிய நேரத்தை அளந்தவர்கள் யார், காற்று எவ்வளவு குறைகிறது, இரும்பைக் கண்டது மட்டும் ஏன் மாறாமல் நிற்கிறது, எல்லாம் இருந்தது. பெயர்களை முதல் கட்டுரையில் இருந்த அதே வரிசையில் வைத்தேன். அவர் முதலாவது. நான் நாலாவது. எல்லோருக்கும் அனுப்பினேன்.

இரண்டாவது பெயர்க்காரர், அன்று டீக்கோப்பையோடு சிரித்தவர்களில் ஒருவர், என் அறைக்கு வந்தார். "உன் பேரை முதல்ல போடுறேங்கிறாரு, வேணாங்கிறியாமே? பைத்தியமா?" என்றார். "அந்த எடத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டவங்க அதே எடத்துல நின்னே இதையும் வாங்கிக்கட்டும் சார்" என்றேன். என் மேசையில் இருந்த வரைபடத்தை இழுத்து, பழைய நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் நடுவே விரலால் அளந்தார். பிறகு பேனா கேட்டார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வந்தார்கள்.

தலைவர் மட்டும் வரவில்லை. நான்தான் போனேன். படித்தார். தன் பழைய கட்டுரையின் பெயர் வருகிற வரியில் விரலை வைத்து, "இது அவசியமா?" என்று கேட்டார். "நேரம் அங்கிருந்துதானே சார் வந்துச்சு" என்றேன். "ஜூன்?" என்றார். "வரும் சார், அதுபாட்டுக்கு" என்றேன். வேறு வழியில்லாமல் போட்டார். மற்ற எல்லோரும் போட்டுவிட்ட தாளில் முதல் இடம் மட்டும் காலியாக இருந்தால், அது அவருக்குத்தான் அசிங்கம்.

நேற்றுக் குறிப்பு வெளியாகிவிட்டது. ஒரு பக்கம்கூட இல்லை. காற்று அடிக்கவில்லை என்று எந்தப் பேப்பரும் பாதிப் பக்கம் போடாது. அந்த மாணவி மட்டும் எழுதியிருந்தாள், கணக்கு ஒட்டுகிறதாம்.

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் 'நிதிச் சூழல்'. இன்னும் கோபம் தீரவில்லை. அறையைக் காலி செய்யும்போது ஒரு பெட்டியை இவ்வளவு சத்தமாக மூட முடியும் என்று தெரிந்துகொண்டேன். தொலைநோக்கி பிடித்த வெளிச்சப் பதிவெல்லாம் இணையத்தில் பொதுவில் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். இரும்பின் கோடுகளில் இன்னும் நான் பார்க்காதது நிறைய. ஒரு மேசையும் கரண்டும் போதும். வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். ஒன்றும் பதில் இல்லை.

அடுத்த வாரம் ஞாயிறு சாயங்கால ரயிலில் வருகிறேன். வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.


ஜூன் 7

நாத்தனாரே,

ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். ஸ்கூல் வண்டிதான், மேலே போர்டு இருக்கும், கூச்சப்படாமல் ஏறு.

முன்ரூமில் இருந்த தையல் மிஷினை எடுத்துவிட்டு மேசை போட்டாயிற்று. ஜன்னல் பக்கம். உன் அண்ணன் கரண்டு பாயிண்ட் இரண்டு இழுத்திருக்கிறார். ஒன்று வேலை செய்கிறது.

வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன். நிதிச் சூழலாம்! நீ ரயிலை விட்டு இறங்கு, நான் ஆரம்பிக்கிறேன்.

அண்ணி